முகத்துவாரத்தில் அறுந்த தங்கூசி

இங்கே சொல்ல நினைப்பவை:

1. நாவற்குடாவிலிருந்து முகத்துவாரம் போகும் வழி
2. உவர்நீரில் பாவித்த ரீலைக் கழுவி, நூலோடு நல்ல வெயிலில் காயவைத்தல்
3. நூலை எப்போது மாற்றுவது
4. கொடுவா மீனுக்கு ஏற்ற நேரம் (இதில் எனக்கு நிச்சயமில்லை)

சென்ற சனிக்கிழமை நான் முகத்துவாரம் போகக் காரணம் என் மனைவி. மகளைக் கட்டிக்கொடுத்த பின், கரடியனாற்றுச் சம்பந்தி முதன்முதலாக மறுநாள் ஞாயிறு மதியம் சாப்பிட வரவிருந்தார். வயற்காரர், கொடுவா என்றால் உயிர். "எங்கட இவர் தன்ட கையால பிடிச்சுத் தருவார்" என்று மனைவி அவருக்குச் சொல்லியனுப்பிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

நாவற்குடாவிலிருந்து பட்டினத்துக்கு பஸ்ஸில் பதினைந்து சதம். அங்கிருந்து முகத்துவாரம் மூன்று மைல் இருக்கும். நடந்தோம். வண்டி கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள். மணலில் கால் புதைகிறது. உயிர் இறாலைப் பட்டினத்திலேயே வாங்கிவிடுவது நல்லது.

கூட வந்தவர் மனைவியின் தம்பி செல்லத்துரை. நாங்கள் இருவரும் ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே சுருளிலிருந்து தங்கூசி வெட்டி வாங்கியவர்கள். பருத்தி நூல் பாவித்த எங்களுக்கு இந்த நைலோன் நூல் புதிது. ஒவ்வொரு முறையும் என் ரீலைக் கிணற்று நீரில் கழுவி, வேலிக் கம்பில் பொழுதுசாயும் வரை வெயிலில் வைத்து, பிறகு அச்சுக்கு எண்ணெய் விடுவேன். செல்லத்துரை தன்னுடையதை அப்படியே நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் எறிந்துவிடுவார்.

"கழுவிக் கழுவித் தேய்ச்சிப்போடாதீங்க, மச்சான்" என்பார்.

நான்கு மணியளவில் என் இறாலைக் கொடுவா எடுத்தது. ரீல் நெய்யாக ஓடியது. நான் கைப்பிடியைப் பிடித்ததும் நூல் அறுந்தது. முடிச்சில் அல்ல, நடுவில். மீண்டும் கட்டிக் கையால் இழுத்துப் பார்த்தேன்; வேறோரிடத்தில் அறுந்தது.

"ஒங்கட நூல் முறைச்சுப் பாத்தாலே அறுந்திரும் போல" என்று செல்லத்துரை சிரித்தார்.

அவருடைய நூலை இழுத்தேன். கையை வெட்டியதே தவிர அறவில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பராமரித்தவன் நான். ஆனால் அவருடைய ரீலின் கைப்பிடியோ உப்புப் பிடித்து அசையவே இல்லை.

"மறுகா என்ன செய்யிற? அக்கா சம்பந்திக்குச் சொல்லிப்போட்டாவே" என்றார்.

என் நூலைக் கழற்றி, அவருடைய நூலை என் ரீலில் சுற்றலாமா என்று தயங்கிக் கேட்டேன். "ஓம், சுத்துங்க. மீன் மட்டும் பாதிப் பங்கு" என்றார். கழற்றும்போது கவனித்தேன்: என் நூலின் மேற்சுற்றுகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறி, விரலில் சொரசொரத்தன. அடியில் கிடந்த கொஞ்சம் கண்ணாடிபோலத் தெளிவாக, உறுதியாக இருந்தது.

பொழுதுபடும் நேரத்தில் ஒரு கொடுவா வந்தது. பெரிதல்ல, ஆனால் ஒரு குழம்புக்குப் போதும். தூண்டிலை என்னிடமிருந்து வாங்கிக் கரைக்கு இழுத்தெடுத்தவர் செல்லத்துரை.

ஞாயிறு சம்பந்தி இரண்டாம் முறை சோறு வாங்கினார். "சம்பந்தியார் பிடிச்ச மீனெண்டா ருசிதான்" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் செல்லத்துரையைப் பார்த்தேன். அவர் முள் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

"ரீல் என்னுடையது" என்றேன். அதுவரைதான் எனக்குச் சொல்ல வந்தது.

போகிறவர்களுக்கு: அச்சை நன்னீரில் கழுவி எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் செல்லத்துரையின் ரீல்போல இறுகும். நூலை விரலிடையே ஓடவிட்டுப் பாருங்கள். வெளிறியிருந்தால், சொரசொரத்தால், நுனியை மட்டும் வெட்டிச் சமாதானப்படாமல் முழுவதையும் மாற்றுங்கள். கொடுவா வரும் நேரம் இன்னும் எனக்குத் தெரியாது.

மேலே இரண்டாவதாக எழுதியதை இன்று காலையில் மிகுந்த நம்பிக்கையோடு எழுதினேன். பருத்தி நூலுக்கு அதுவே சரி. வெயில் காட்டாவிட்டால் அது உக்கிப்போகும். நைலோன் வேறு பிறவி போலிருக்கிறது. நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் இருட்டில் கிடந்த நூல் பிழைத்தது. நான் வேலியில் காயவைத்தது செத்தது. அடியில் வெயில் படாத சுற்றுகளும் அதையே சொல்கின்றன. ஆகவே ரீலை நிழலில் உலர்த்துங்கள். இரண்டாவது குறிப்பு பிழை.