பதினோரு முறை செத்த நசாரியோ

நசாரியோ கவிச் அன்று காலையில் மட்டும் நாலு முறை செத்திருந்தார். நேற்று செத்த ஏழு முறையையும் சேர்த்தால் பதினொன்று. பழைய மாயா ராஜாக்களைப் பற்றிய சண்டைப் படம். யுகத்தான் காட்டுக்குள் மரச்சட்டமும் சுண்ணாம்புமாக ஒரு கோபுரம் எழுப்பியிருந்தார்கள். அதன் அடியில், இடுப்பில் ஒரு முழத் துணியும் மேலெல்லாம் நீலச் சாயமுமாகக் குப்புறக் கிடந்தார்.

முதலில் அவரை விவசாயி வேஷத்துக்குத்தான் எடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் முப்பத்தைந்து வருஷம் மக்காச்சோளம் விதைத்த மனுஷன். முகத்தில் விவசாயிக் களை இல்லை என்று டைரக்டர் தள்ளிவிட்டு, தலைநகரத்து நடிகன் ஒருவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். பாறைக்கு மேல் ஒரு சாண் மண் கிடக்கிற ஊரில் மண்வெட்டி! ராஜா காலத்திலும் சரி, இன்றைக்கும் சரி, கூர்க்கம்பால் குத்தித்தான் விதைக்கிறார்கள். அதை எடுத்துச் சொன்னதற்கு நசாரியோவுக்குக் கிடைத்த பதவி, பிணம்.

அதுகூடப் போகட்டும். அவர் வயிற்றெரிச்சல் வேறு. விதைப்புக்காக ஜனவரியில் அவர் வெட்டிப்போட்ட காடு நாலு மாதமாகக் காய்ந்து கிடந்தது. முதல் மழைக்கு முன்னால் எரித்தால்தான் சாம்பல். சாம்பல் இருந்தால்தான் விதைப்பு. படத்துக்கோ வானம் நீலமாக வேண்டுமாம், புகை ஆகாதாம். மே பதினைந்து வரை யாரும் தீ வைக்கமாட்டோம் என்று ஊர்த் தலைவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்று தேதி இருபத்திரண்டு. கெடு தாண்டியும் படப்பிடிப்பு முடிகிற வழியைக் காணோம், ஊரில் யாரும் தீ வைக்கத் துணியவில்லை, ஈசலோ புறப்பட்டுவிட்டது. முன்பொரு தடவை இப்படித்தான் மழை முந்திக்கொண்டது. அந்த வருஷம் முழுக்கக் கடை மாவில் ரொட்டி தட்டிய எரிச்சல் அவர் மனைவி லிப்ரதாவுக்கு இன்னும் ஆறவில்லை.

உச்சி வேளையில் சாப்பாடு கொண்டுவந்தவள், படப்பிடிப்புக்காகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பிணத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“செத்தது போதும், எந்திரிச்சு வாங்க. கிழக்கால மேகம் ஏறுது. வர்ற வருஷம் பேரப்பிள்ளைங்களுக்கு அந்த நீலச் சாயத்தையா கரைச்சு ஊத்தப்போறேன்?”

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிணம் எழுந்து, துணியைத் தட்டிக்கொண்டு நடந்தது. பின்னால் யாரோ கத்தினார்கள். பொறுமை போன மனுஷன் திரும்பிப் பார்க்கவில்லை.

கோபுரத்துக்குப் பின்புறம்தான் அவர் காடு. சுற்றிலும் தீ தாண்டாதபடி ஏற்கெனவே செதுக்கி வைத்திருந்தார். அவசரத்திலும் முறை தவறவில்லை. லிப்ரதா கொண்டுவந்த மக்காச்சோளக் கஞ்சியைச் சுரைக்குடுக்கையில் வைத்து, காட்டின் எஜமானர்களான தெய்வங்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லி வேண்டினார். தீ வைத்தார். பிறகு அப்பா செய்தது போலவே ஓரத்தில் நின்று சீட்டியடித்துக் காற்றைக் கூப்பிட்டார். காற்று வந்தது. சுழன்று சுழன்று வந்தது. ஒரு மணி நேரத்தில் காடு சுத்தமாக எரிந்து அடங்கியது. அவருக்குக் கண்ணீர் வந்தது, புகையால் மட்டும் அல்ல.

அப்போதுதான் உதவி டைரக்டர் ஹிமெனா மூச்சிரைக்க ஓடிவந்தாள். நசாரியோ திட்டுக்குக் கொடுக்கவேண்டிய பதிலையெல்லாம் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தார்.

“ஐயா, ராஜாவோட ஊரே பத்தி எரியுற மாதிரி இருந்துச்சு. டைரக்டர் துள்ளிக் குதிக்கிறார்” என்றாள் அவள். “ஆனா கேமராவைத் திருப்புறதுக்குள்ள பாதி போயிடுச்சு. இன்னொரு தடவை கொளுத்துறீங்களா?”

நசாரியோ சாம்பலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நெஞ்சில் பெரிய மழைத்துளி ஒன்று விழுந்து, நீலச் சாயம் கோடாக வழிந்தது.

“நான் வேணா இன்னும் பத்துத் தடவை சாகுறேன் தாயி” என்றார். “இது வருஷத்துக்கு ஒரு தடவைதான் எரியும். அவரை அடுத்த மே மாசம் வரச் சொல்லு. மண்வெட்டி வேண்டாம்னும் சொல்லு.”

மழை பிடித்துக்கொண்டது. லிப்ரதா விதைப் பையை எடுக்க வீட்டுக்கு நடந்தாள்.