திரேசாவின் குசினிக்கு வந்த ஸ்கேனர்

ஸ்டோர் பார்க்கிறவனின் வேலை, கேட்ட சாமானைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பது. எடுத்துக் கொடுத்தால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள், தேடினால் எல்லோரும் கவனிப்பார்கள். ஸ்டோரில் நின்றவர்களுக்கும், வீட்டில் "கத்தரிக்கோல் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, சவர்க்காரம் கொடுக்கும் மொத்தக் கடை ஒன்றில் நான் ஸ்டோர் பார்க்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன். கதைக்க வராது; எண்ண வரும். என் மனைவி திரேசாவின் பார்வையைச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு எடுத்துக்கொண்டது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். வத்தளையில் இருக்கும் எங்கள் மகள் ஜெனிற்றா, உயிர்த்த ஞாயிறுக்கு வந்து திரும்பும்போது எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று சொல்லிவிட்டாள். பகலில் நான் கடையில், அம்மா தனிய என்பது அவளுடைய பயம். அங்கே போனால் தன்னைக் கதிரையில் இருத்திவிட்டுச் சாப்பாடு கொண்டுவந்து தருவார்கள் என்பது திரேசாவின் பயம். இரண்டும் நியாயமான பயங்கள்.

கழித்துவிட்ட துவக்கு

கடைக்குப் புது ஸ்கேனர்கள் வந்தன. வயர் வைத்த பழையது ஒன்று மேசைக்குக் கீழே கிடந்தது. பார்கோட்டுக்கு நேரே பிடித்து விசையை அமத்தினால் 'பீப்' என்று வாசிக்கும், கைத்துவக்கு மாதிரியான சாமான். பழுதில்லை, பழசு, அவ்வளவே. நான் மூன்று தரம் அந்த மேசைப் பக்கத்தால் நடந்தேன். கேட்க வாய் வரவில்லை.

முதலாளி மூதூர்க்காரர், ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். நாலாவது தரம் நடந்தபோது அவர் நிமிர்ந்து, "என்ன அண்ணே, ஏதும் விழுந்து போச்சா?" என்றார். திரேசாவின் கண்ணைப் பற்றியும், வீட்டில் எல்லாப் போத்தலும் அவளுக்கு ஒரே போத்தலாக இருப்பதைப் பற்றியும் சொன்னேன். அவர் ஸ்கேனரை ஒரு பையில் போட்டார். பார்கோட் அடித்த ஸ்டிக்கர் சுருள் ஒன்றையும் சேர்த்து வைத்தார். கடை வாசல் வரைக்கும் வந்து நின்று சொன்னார்: "கொண்டு போங்க அண்ணே. பஸ்ஸுக்குள்ள மட்டும் வெளிய எடுத்துக் குறி பாத்திராதீங்க."

திரை உடைந்த கணினி

ஸ்கேனருக்கு வாசிக்கத் தெரியும், சொல்லத் தெரியாது. வாசித்த இலக்கத்தை ஒரு கணினியிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அந்த வகையில் அது என்னைப் போல. எங்கள் காசாளர் நஸ்ரின் கெட்டிக்காரி. திரை உடைந்த மடிக்கணினி ஒன்று அவளுடைய வீட்டில் சும்மா கிடந்தது. எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தந்தாள். "திரை போன கணினி எதற்கு உதவும்?" என்று நான் தயங்க, திரேசா, "எனக்குத் திரை என்னத்துக்கு?" என்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு குரலைப் பதிந்து வைத்தால், ஸ்டிக்கரை வாசித்ததும் கணினி அந்தக் குரலில் சொல்லும். நஸ்ரின் அதற்கு வழி செய்துவிட்டு, குரல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்றாள். ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்தி, அரிசி மூட்டைகளுக்கு முன்னால் நின்று, "சீனி", "உப்பு", "பெருஞ்சீரகம்", "பிறஷர் குளிசை, இரவுக்கு ஒண்டு" என்று அறுபத்திரண்டு சாமான்களைச் சொன்னேன். "பெருஞ்சீரகம்" மட்டும் இருமலோடு பதிந்துவிட்டது. வீட்டில் திரேசா ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டாள். கடைசிப் போத்தலை வைத்துவிட்டுச் சொன்னாள்: "கலியாணம் முடிச்ச நாளில இருந்து நீங்கள் என்னோட இவ்வளவு கதைச்சதே இல்லை."

சீலை அலுமாரி

சமைக்கிற குசினியோடு நிற்கவில்லை. சீலைகளின் உள்முனையில் ஸ்டிக்கர் ஒட்டிய சிறு அட்டைகளை ஊசியால் குத்திவிட்டோம். "நாவல் நிறம், மகளின் கலியாணத்துக்கு எடுத்தது" என்று சீலை சொன்னால், அதற்குரிய சட்டையும் அதையே சொல்லும். குளிர்ப்பெட்டியில் மீன் பைகள்: "பாரை", "சூடை", "இறால், கெதியாய்ச் சமைக்கவும்". பூட்டுத் திறப்புகளில் அட்டைகள் தொங்கின. நான் கடைக்குப் போன பிறகும் வீட்டில் என் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

பக்கத்து வீட்டு ராணி ஒருநாள் பூசைக்குக் கூட்டிப்போக வந்தவள், இந்த வேடிக்கையெல்லாம் பார்த்துவிட்டு, "அண்ணை, என்ர மனுசன்ர முதுகிலயும் ஒண்டு ஒட்டிவிடுங்கோ" என்றாள். ஸ்கேனர் ஒரு சாமான் எங்கே நிற்கிறது என்று சொல்லாது, அது என்ன சாமான் என்று மட்டும்தான் சொல்லும் என்று நான் விளங்கப்படுத்தினேன். ராணி கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வேண்டாம் அண்ணை. அது என்ன சாமான் எண்டு எனக்கு எப்பவோ தெரியும்."

மூடி

ஸ்டோரில் பரல்கள், பெரிய பீப்பாய்கள், நிலத்தில் வரிசையாக நிற்கும். குனியாமல் மேலிருந்து வாசிக்க வேண்டும் என்பதால் ஸ்டிக்கரை மூடியில்தான் ஒட்டுவோம். வீட்டிலும் அப்படியே ஒட்டினேன். அழகாக இருக்கட்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒரே அளவுப் போத்தல் வேறு வாங்கியிருந்தேன். மூடி மாறாத குசினி எங்கேயாவது இருந்தால் எனக்கும் காட்டுங்கள். மகள் வருகிறாள் என்று திரேசா குசினிப் போத்தல்களை எல்லாம் கழுவி, வெயிலில் காயவைத்து, கைக்கு வந்த மூடியைப் பூட்டினாள்.

ஜெனிற்றா வந்தாள். உயிர்த்த ஞாயிறுப் பூசை முடிந்து வந்ததும் திரேசா ஒருவரையும் குசினிக்குள் விடாமல் தானே தேத்தண்ணி போட்டாள். 'பீப்' கேட்டது. "சீனி" என்று என் குரல் கேட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஜெனிற்றா ஒரு மிடறு குடித்தாள். என்னைப் பார்த்தாள். நானும் குடித்தேன். உப்பு. இரண்டு கரண்டி தாராளமான உப்பு. ஜெனிற்றா கோப்பையை மெல்ல வைத்துவிட்டு, கோபமில்லாமல்தான் கேட்டாள்: "இண்டைக்கு உப்பு. நாளைக்குக் குளிசை மாறினால்?"

குளிசைப் போத்தல்கள்

குளிசைப் போத்தல்களிலும் நான் மூடியில்தான் ஒட்டியிருந்தேன். ஜெனிற்றா அலுமாரியில் இருந்து அந்த நாலு போத்தல்களையும் எடுத்து, என் கண்ணுக்கு முன்னாலேயே மூடிகளை மாற்றிப் பூட்டி, தாயின் முன்னால் வைத்தாள். "அம்மா, இரவுக் குளிசையை எடுங்கோ." பேசாமல் இருங்கோ என்று எனக்குக் கண்ணால் சொன்னாள். ஸ்டிக்கர் எதில் இருக்கிறது என்று அந்தப் பதற்றத்தில் நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை. உடுப்புப் பைகளை இனிக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

திரேசா போத்தலைச் சரித்தாள். மூடியைத் தொடவே இல்லை. விரலால் போத்தலின் வயிற்றைத் தடவி, அங்கே ஸ்கேனரைப் பிடித்தாள். முதலாவது, காலமைக் குளிசை என்றது. தள்ளி வைத்தாள். இரண்டாவது, "பிறஷர் குளிசை, இரவுக்கு ஒண்டு" என்றது. நீட்டினாள். ஜெனிற்றா அதைக் கிளினிக்கில் தந்த கடதாசி உறையோடு ஒப்பிட்டாள். சரி. மற்ற மூன்றையும் வாசிக்கச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் சரி.

"கொப்பர் பரலோட சீவிக்கிற மனுசன்," என்றாள் திரேசா மகளிடம், என் பக்கம் கையைக் காட்டி. "பரல் மூடியை ஆர் கழுவுறது? குளிசைப் போத்தலில ஒட்டினதை முதல் கிழமையே உரிச்சுப் போத்தல் உடம்பில ஒட்டிட்டன். ஆசையா ஒட்டின மனுசன், மனம் நோகுமெண்டு சொல்லேல்ல. சீனியை எப்பவும் நக்கிப் பாத்துத்தான் போடுறனான். இண்டைக்கு உனக்குக் காட்டவேணுமெண்ட அவதி அவசரத்தில போட்டிட்டன்."

ஜெனிற்றா சிரித்தாள், பிறகு மூக்கை உறிஞ்சினாள். அன்று பின்னேரம் மூன்று பேரும் குசினி நிலத்தில் இருந்து மிச்சப் போத்தல்களின் ஸ்டிக்கர்களை உரித்து, உடம்பில் ஒட்டினோம். மறுநாள் பஸ் நிலையத்தில், தனியாகவே பஸ்ஸில் ஏறியவள் யன்னலால் தலையை நீட்டித் தாயிடம் சொன்னாள்: "நீங்கள் இங்கயே இருங்கோ அம்மா. தனிய விடேலாத ஆள் அப்பாதான்."

கடை கழித்துவிட்ட ஸ்கேனரும், கடை இன்னும் கழித்துவிடாத நானும் இப்போது திரேசாவின் குசினியில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறோம். இரண்டு பேருக்கும் முதலாளியில் ஒரு குறையும் இல்லை.