சிங்கத்துக்குத் தையல் போட்ட துபாய் வருஷங்கள்

செத்த மிருகத்துக்குத் தைப்பதும் உயிருள்ள மனுஷருக்குத் தைப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான். மிருகம் மட்டும் 'அக்குள் பிடிக்குது' என்று திரும்பி வராது, அதைச் சுட்டவர் வருவார்.

எலக்ட்ரீஷியன் விசாவில் போய் ஒட்டகம் குளிப்பாட்டியவர்களும், டிரைவர் விசாவில் போய் சிமென்ட் சுமந்தவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் சங்கரன்கோவிலிலிருந்து 'டெய்லர்' என்று விசாவில் எழுதிக்கொண்டு துபாயில் இறங்கினேன். கராமாவில் எட்டுப் பேர் இருந்த ரூமில் ஒரு கட்டில். வேலை, வேட்டையாடிக் கொண்டுவந்த மிருகங்களைப் பாடம் செய்யும் ஒரு பட்டறையில்.

முதல் நாள்

ஊரில் நான் லேடீஸ் டெய்லர். ஜாக்கெட் தைப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. பட்டறைக்குள் நுழைந்ததும் உப்பு நாற்றமும் ஈர ரோமத்தின் நாற்றமும் மூக்கைப் பிடித்தன. நீளமான மேஜை மேல் ஒரு காட்டெருமையின் தோல், உள்பக்கம் மேலே தெரிய விரித்துக் கிடந்தது. பக்கத்தில் ஃபைபரில் செய்த மொட்டைத் தலை ஒன்று. ஒரு டப்பா நிறையக் கண்ணாடிக் கண்கள் என்னையே பார்த்தன.

தப்பான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று மேனேஜர் வர்கீஸிடம் சொன்னேன். அவர் கோட்டயத்துக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "விசாவில் டெய்லர்னு இருக்கு, இங்கேயும் ஊசி நூல் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஃபைலுக்குத் திரும்பிவிட்டார். பட்டறையின் தலைமைக் கைவேலைக்காரர் லாகூரிலிருந்து வந்தவர். எல்லாரும் அவரை உஸ்தாத் என்போம். அவர் மூன்று பட்டை வைத்த ஊசி ஒன்றை என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உருதுவில் மெதுவாகச் சொன்னார், வர்கீஸ் அதைத் தமிழில் சொன்னார்:

"ஜாக்கெட்டில் கை வைத்துத் தைப்பாய் அல்லவா, அதேபோல இதில் காது வை."

குண்டு பட்ட இடம்

நான் வேலை பழகிய பிறகு வந்த முதல் முழுச் சிங்கம் தான்சானியாவிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் தலையும் கழுத்தும்தான், சுவரில் மாட்டுவதற்கு. இது நாலு காலில் நிற்க வேண்டும். தோலை ஊறவைத்து விரித்தபோது பின் தொடையில் ஒரு ஓட்டை, விலாவில் ஒரு ஓட்டை, இரண்டும் பின்னாலிருந்து பட்டவை. இரண்டையும் உள்ளிருந்து தைத்து, மேலே ரோமத்தைச் சீவிவிட்டேன். அவை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

சிங்கத்தின் சொந்தக்காரர் தேராவில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த பெரிய வியாபாரி. வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தையலில் திருப்திதான். ஆனால் நெஞ்சின் நடுவில், பார்ப்பவருக்குத் தெரிகிற மாதிரி, புதிதாக ஒரு ஓட்டை வேண்டும் என்றார். நல்ல தோலில் ஓட்டை போட என் கை வரவில்லை. உஸ்தாத்தும் மறுத்துவிட்டார். அப்போதுதான், பின்னாலிருந்து யார் சுட்டது என்று விளையாட்டாகக் கேட்டேன். வியாபாரி கோபப்படவில்லை. சிங்கத்தின் நெஞ்சைத் தட்டிச் சொன்னார்:

"பின்னால் சுட்டது என் வழிகாட்டி. முன்னால் சுட்டிருக்க வேண்டியது நான், அது நின்றிருந்தால்."

பணம் எங்கே போகிறது

தோல் வருகிற ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு காகிதம் வரும். எந்த மிருகம், எந்தக் காடு, யார் சுட்டார், எவ்வளவு கட்டினார் எல்லாம் அதில் இருக்கும். கடைசியில் ஒரு வரி, இந்தக் கட்டணம் வனவிலங்குகளைக் காக்கச் செலவாகும் என்று. வர்கீஸ் முதல் தடவை படித்துக் காட்டியபோது அவர் தவறாகப் படிக்கிறார் என்றே நினைத்தேன். கொல்வதற்கு வாங்குகிற காசு எப்படிக் காக்கும்? உஸ்தாத்தைக் கேட்டேன், தெரியாது என்றார். வாடிக்கையாளர்களைக் கேட்டேன். காகிதம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன் என்றார்கள்.

பதில் ஒரு நாள் தானாக நடந்து வந்தது. ஒரு விமான பைலட் தன் மான் தலையைப் பார்க்க வந்தபோது, ஜாம்பியாவில் தனக்கு வழிகாட்டியாக இருந்த ஜோசப் என்பவரையும் கூட்டி வந்தார். ஜோசப்புக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் தடவையாக நாட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறார். எங்கள் பட்டறையில் அவர் ஒரே ஒரு பொருளைத்தான் தொட்டுப் பார்த்தார், ஏர் கண்டிஷனரை. நான் டீ வாங்கிக் கொடுத்து என் சந்தேகத்தைக் கேட்டேன். வர்கீஸ் மொழிபெயர்த்தார்.

அவர் கிராமத்தில் யானை வந்தால் ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தின் சோளம் முழுக்கப் போய்விடுமாம். அதனால் திருட்டு வேட்டைக்காரன் வந்தால், யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஊரே கைகாட்டுமாம். பிறகு, வெளிநாட்டார் வேட்டைக்குக் கட்டுகிற பணத்தில் ஒரு பங்கு ஊருக்கு என்று அரசாங்கம் சொன்னது. அந்தப் பணத்தில் ஒரு மாவு மில் வந்தது. அதன்பின் திருடன் வந்தால் ஊர்க்காரர்களே காவலருக்கு ஆள் அனுப்பினார்கள். "அப்படியானால் நல்ல ஏற்பாடுதானே?" என்றேன். ஜோசப் டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்:

"பணம் வந்த வருஷம் மிருகம் எங்களுடையது. வராத வருஷம் அது அரசாங்கத்துடையது."

தாடி சீவிய குல் கான்

பட்டறையில் தோல் கழுவுகிறவர் குல் கான். பலுசிஸ்தான் மலைப்பக்கத்துப் பட்டாணியர், ஆறடி ஆள். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் கராச்சியிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தோம். உள்ளே மார்க்கோர் என்கிற காட்டு ஆட்டின் தலைத்தோலும் கொம்புகளும். கொம்பு திருகாணி மாதிரி நேராக மேலே முறுக்கிக்கொண்டு போகும். நெஞ்சுவரை தொங்கும் தாடி. வர்கீஸ் காகிதத்தில் இருந்த மலையின் பெயரை வாசித்ததும் குல் கான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். அது அவர் ஊர் மலை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அந்த ஆடுகளை அவரே சுட்டுத் தின்றிருக்கிறார். எல்லைக்கு அந்தப்பக்கம் சண்டை தொடங்கியதும் நல்ல துப்பாக்கிகள் மலிவாகக் கிடைத்தன. ஆளுக்கொன்று வாங்கினார்கள். சில வருஷத்தில் மலையே காலியானது. பிறகு அவர்களின் தலைவர் ஒரு முடிவெடுத்தார்: ஊரில் யாரும் சுடக்கூடாது, வருஷத்துக்கு ஒன்றிரண்டு கிழக்கடாக்களை மட்டும் வெளிநாட்டு விருந்தாளி சுடலாம், அவர் தருகிற பணத்தில் ஊரின் வேட்டைக்காரர்களுக்கே காவல் வேலை. குல் கானின் தம்பிக்கும் அதில் வேலை. இதெல்லாம் நடக்காத பேச்சு என்று நினைத்துத்தான் குல் கான் துபாய்க்கு வந்துவிட்டாராம்.

அந்தத் தலையை நான் தைத்து முடித்தபின், தாடியை யாரையும் தொட விடவில்லை அவர். தன் சீப்பாலேயே சீவினார். அந்த ஆட்டைச் சுட்டு, தலையை எடுத்துப்போக வந்தவர் எண்ணெய்க் கம்பெனியில் இருந்த ஓர் ஐரோப்பிய இன்ஜினியர். குல் கான் அவர் முன்னால் போய் நின்று, குட்டிகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். வர்கீஸ் தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் சொன்னார். இன்ஜினியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, பள்ளத்துக்கு அந்தப்பக்கம் மூன்று பெட்டைகளும் குட்டிகளும் பார்த்ததாகவும், துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். எத்தனை குட்டி என்று குல் கான் கேட்டார். இன்ஜினியருக்கு நினைவில்லை. கொம்பின் நீளம் மட்டும் நினைவிருந்தது. குல் கான் பெட்டியைத் தூக்கி அவர் வண்டியில் வைத்தபிறகு சொன்னார்:

"சாப், அடுத்த தடவை குட்டிகளை முதலில் எண்ணுங்கள். கொம்பை அப்புறம் அளக்கலாம்."

காகிதம் இல்லாத தோல்

ஒரு மத்தியானம், வர்கீஸ் இல்லாத நேரம், எங்களுக்கு விசா கொடுத்த முதலாளியான கஃபீலின் நண்பர் ஒருவர் சுருட்டிய கம்பளத்தோடு வந்தார். விரித்தால் உள்ளே சிறுத்தைத் தோல். ஆப்பிரிக்கச் சிறுத்தையைவிடச் சின்னது, வெளிறிய நிறம். வடக்கே மலையில் சுட்டது என்றார். அந்த மலைகளில் சிறுத்தை இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். உஸ்தாத் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது இங்கேயே பிறந்தது, இன்னும் எத்தனை மிச்சமோ என்று மெதுவாகச் சொன்னார். காகிதம் கேட்டோம். இல்லை. காகிதமில்லாமல் எதையும் தொடக்கூடாது என்பது வர்கீஸ் போட்ட சட்டம்.

வந்தவர் என்னைத் தனியாகப் பார்த்து, நீ தை, மற்றதை நான் உன் கஃபீலிடம் பேசிக்கொள்கிறேன் என்றார். என் விசா கஃபீல் கையில் இருந்தது. மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லாமல், ரோமம் கொட்டும் நிலையில் இருக்கிறது, தைத்தால் நிற்காது என்று பொய் சொன்னேன். அவர் இரண்டு விரலால் ரோமத்தைப் பிடித்து இழுத்தார். ஒன்றுகூட வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன், காகிதமில்லாமல் தைக்க மாட்டேன் என்று.  உஸ்தாத் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார்.

ரெண்டு வாரம், எப்போது பாஸ்போர்ட்டைக் கொடுத்து ஏர்போர்ட்டுக்கு அனுப்புவார்களோ என்று காத்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. கஃபீல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தத் தோலை வேறு யாரோ தைத்திருப்பார்கள். ஆனால் அன்றைக்குத் தோல் கொண்டுவந்தவர் கம்பளத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னது எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. மலையில் ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர்தான் அதைச் சுட்டாராம், இவர் விலைக்கு வாங்கியிருக்கிறார்.

"நானும் அவரிடம் காகிதம் கேட்டேன். என் ஆடுகளைத் தின்ன அதற்கு யார் காகிதம் கொடுத்தார் என்று அவர் கேட்டார்."

லீவு முடிந்து வந்தவர்

குல் கான் மூன்று வருஷம் கழித்து லீவில் ஊர் போய் வந்தார். பாதாம், உலர்ந்த மல்பெரி எல்லாம் கொண்டுவந்து மேஜை மேல் கொட்டினார். ஆடு இருக்கிறதா என்று நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டோம். மலையில் ஏறி அரை நாள் உட்கார்ந்திருந்தாராம். முதலில் ஒன்றும் இல்லை. வெயில் சாய்ந்ததும் பாறையிலிருந்து பாறை பிரிந்து வருகிற மாதிரி வந்ததாம் ஒரு கூட்டம். எண்ணினீர்களா என்று கேட்டேன். கண் கலங்கிவிட்டதால் இரண்டு தடவை எண்ணி இரண்டு கணக்கு வந்தது என்றார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"மலையடிவாரத்தில் என் சொந்தத் தம்பி என்னை நிறுத்திச் சோதனை போட்டான், டெய்லர். என் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு, இது என் டூட்டி என்றான்."

பதினொரு தலைகள்

ஜுமைராவில் ஒரு பெரிய வீட்டில், சுவரில் மாட்டிய குடூ மானின் கழுத்தில் தையல் விட்டுவிட்டது என்று போன் வந்தது. தலையைக் கழற்றினால் சுவர் பெயரும் என்பதால் நானே போனேன். வீட்டுக்காரர்கள் யாரும் இல்லை. கதவைத் திறந்தது ஒரு இலங்கைப் பெண், பெயர் செல்லம்மா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தமிழ் கேட்டதும் அவளுக்கு வாய் நிற்கவில்லை. அந்தக் கூடத்தில் பதினொரு தலைகள். தினமும் ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றுக்கும் தூசி தட்டி, கண்ணைத் துடைத்து, மூக்கில் ஈரத் துணி போட வேண்டுமாம். வந்த புதிதில் பயந்துபோய், சிங்கத்தின் முகத்தில் துண்டைப் போட்டு மூடிவிட்டு மற்றதைத் துடைப்பாளாம்.

நான் ஏணியில் நின்று தைத்தேன். அவள் கீழே நின்று நூலை எடுத்துக் கொடுத்தாள். இந்த மானைச் சுட்ட காசில்தான் அங்கே மற்ற மான்களைக் காப்பாற்றுகிறார்களாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜோசப்பையும் குல் கானையும் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டாள். அப்போ அங்க காவல் காக்கிறவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் வருதா என்று கேட்டாள். சில இடத்தில் வருகிறது என்றேன். தலையாட்டிக்கொண்டு, துணியை உதறி மடித்தபடி சொன்னாள்:

"எங்க தோட்டத்துல தொர பங்களாவுலயும் ஒரு மான் தல இருந்துச்சுண்ணே. அதுக்குத் தூசி தட்டுனது எங்கம்மா."

ஆறு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது, கொம்பு யாருக்குச் சொந்தம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆடு யாருக்குச் சொந்தம் என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை என்பதே.