மாடியிலிருந்து வந்த தட்டுகள்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு வருஷம் போலந்து நாட்டுப் பெண் ஒருத்தி குடியிருந்தாள். நூற்பாலை இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஏதோ பயிற்சி கொடுக்க வந்தவள், தனியாள், முப்பது வயதைத் தாண்டியிருக்காது. வெளிநாட்டுக்காரிக்கு வீடு விடலாமா என்று போத்தனூரில் எங்கள் தெருவே யோசித்தது. அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: தண்ணீர் மோட்டாரை மறக்காமல் நிறுத்துவாளா? அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. மறப்பவன் நான்தான்.

கீழே நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அந்த வருஷம் மாசியில்தான் அப்பா தவறிப்போயிருந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். வீட்டிலிருந்தே மென்பொருள்களுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறேன். எதை அமுக்கினால் எது திறக்கும் என்று ஊர் உலகத்துக்கெல்லாம் விளக்குகிறவன், வீட்டில் ஒரு விஷயத்தை விளக்கச் சொன்னால் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் வந்த குழப்பத்துக்கு இதுதான் காரணம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. மாடிக்காரிக்குத் தமிழில் ‘சரிங்க’, ‘போதுங்க’ இரண்டும்தான் வரும். இடையில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருபவன் நான்.

டிசம்பர் பிறந்ததும் அவள் கீழே வந்து, இந்த ஊரில் வீடுகளில் ‘ஓவன்’ இருக்காதா என்று கேட்டாள். கேக் சுடுகிற பெட்டியைத்தான் கேட்கிறாள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். நமக்கு எதற்கு அது என்றாள் அம்மா. அவள் ஊரில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் அந்தப் பெட்டி அணையாதாம். மார்ச்சில் ஊருக்குக் கிளம்பப் போகிறவள் புதிதாக ஒன்று வாங்குவது வீண் என்று, சுடாமல் செய்கிற பலகாரத்துக்கு மாறினாள். அவளுடைய அம்மா காலத்தில் கடையில் சாக்லேட் கிடைக்காமல் பால்பவுடரை வைத்து வீட்டிலேயே செய்துகொண்டார்களாம். பால்பவுடர், கோகோ, வெண்ணெய், சர்க்கரை, உடைத்த பிஸ்கட். எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தி ஃபிரிட்ஜில் வைத்துத் துண்டு போட வேண்டியதுதான். வெண்ணெய் உருகுவதற்குக்கூட அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை, மொட்டைமாடி வெயிலில் கிண்ணத்தோடு வைத்துவிட்டாள். காக்கா வராமல் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுப்பே வைக்காமல் பலகாரமா என்று அம்மா கேட்டாள். பிறகு, மாவிளக்குக்கு நாமும் பச்சை மாவில் வெல்லத்தைப் போட்டுத்தானே பிசைகிறோம், அது போலத்தான் போலிருக்கிறது என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஊரிலிருந்து துணிமணிக்குள் சுற்றி எடுத்துவந்த ஆறு பீங்கான் தட்டுகள் அவளிடம் இருந்தன. வெள்ளையில் நீலப் புள்ளி போட்டவை. முதல் தட்டு டிசம்பர் முதல் வாரத்தில் கீழே வந்தது. அந்தப் பலகாரம் கையில் எடுத்ததும் உதிர்ந்தது, ஸ்பூனால் சாப்பிட்டேன். இரண்டாவது தட்டில் பாதாமுக்குப் பதில் நம்ம ஊர்க் கடலைமிட்டாயை உடைத்துப் போட்டிருந்தாள், அது பிரமாதம். மூன்றாவது, தேங்காய்த் துருவலைக் கெட்டிப்பாலில் பிசைந்து பிடித்த உருண்டை. நான்காவதன்போது பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, துண்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி எருமுட்டை மாதிரி வந்தது. அதையும் தின்றேன். ஐந்தாவது அளவு எடுத்து வெட்டியது போல வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பிடித்திருக்கிறதா என்று கேட்பாள். பிடித்திருக்கிறது என்பேன். அம்மாவுக்கும் பிடித்திருக்கிறதா என்பாள். அதற்கும் ஆமாம் என்பேன்.

அது பொய். அம்மா ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு என்றால் உயிர். இந்த இரண்டுக்கும் நடுவில் அம்மா ஏழெட்டு வருஷம் காவல் நின்றாள். வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது. விருந்தாளிக்குக் காப்பி போட வேண்டுமானால் நான் கடைக்கு ஓட வேண்டும். அப்பாவின் கடைசி தீபாவளிக்குக் காங்கேயத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தோம். வெல்லம் போட்டு எண்ணெயில் கச்சாயம் சுட்டுத் தட்டில் வைத்திருந்தார்கள். அப்பா ஒன்றை எடுத்துப் பாதி வழி வாய்க்குக் கொண்டுபோனார். எல்லோரும் பார்க்க அம்மா அதை அவர் கையிலிருந்து பிடுங்கித் தட்டில் போட்டுவிட்டாள். அப்பா சிரித்தார். உள்ளங்கையில் ஒட்டியிருந்த எண்ணெயை மட்டும் வேட்டியில் துடைத்துக்கொண்டார். மாசியில் மாரடைப்பில் போய்விட்டார், சர்க்கரைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் இனிப்பைத் தொடுவதில்லை. காரணத்தை அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும்.

துக்கம் நடந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, பலகாரம் செய்யக் கூடாது. சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தீபாவளிக்கு அப்படித்தான் ஆளுக்கொரு கவரில் முறுக்கும் அதிரசமும் வந்தன. விவரம் தெரிந்தவர்கள், பாத்திரத்தில் கொண்டுவரவில்லை. பாத்திரத்தில் வந்தால் சிக்கல். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். மாடிக்காரிக்கு இந்த இரண்டு வழக்கமும் தெரியாது. அவள் பாட்டுக்குத் தட்டுத் தட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நாலு வாழைப்பழத்தை வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று முதல் தட்டு வந்தபோதே சொல்லிப் பார்த்தேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை வெயிலில் உட்கார்ந்து கையால் செய்து கொடுத்ததற்குக் கடைப் பழத்தை வைப்பது மரியாதையா என்றாள். மாசியில் திதி முடியட்டும், கச்சாயம் சுட்டு நிறைத்துக் கொடுக்கலாம், அதற்குள் அவள் எங்கே போய்விடப் போகிறாள் என்றாள். ஐந்து தட்டுகளையும் கழுவித் துடைத்து, இடையில் துணி மடித்து வைத்து, பீரோவுக்குள் பத்திரப்படுத்தினாள். இதை மாடியில் சொல்லிவிடு என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். சொல்கிறேன் என்றேன். துக்கம், வருஷம், எண்ணெய்ச் சட்டி, வெறும் பாத்திரம், இத்தனையையும் இங்கிலீஷில் எங்கே ஆரம்பிப்பது என்று சோம்பலாக இருந்தது. சொல்லவில்லை.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம், வெளிச்சம் போகப் போகும் நேரத்தில், அவள் வந்து கதவைத் தட்டினாள். நல்ல உடை உடுத்தியிருந்தாள், முகம்தான் சரியில்லை. அம்மா உள்ளே வரச் சொன்னாள். அவள் வாசற்படியிலேயே நின்று, ரொம்பத் தயங்கி என்னிடம் பேசினாள். இந்த ஊரில் இனிப்பைத் தட்டோடு கொடுத்துவிடுவதுதான் வழக்கம் என்று தனக்குப் புரிந்துவிட்டது, கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அழகில்லை என்றும் தெரியும், ஆனால் இன்றைக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் ஒரே ஒரு தட்டை இரவலாகத் தர முடியுமா என்று கேட்டாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவள் தட்டை அவளே இரவல் கேட்கிறாள். அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், அப்பாவில் ஆரம்பித்து எண்ணெய்ச் சட்டி வரைக்கும். கையேட்டில்கூட நான் அவ்வளவு விளக்கியதில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு அம்மாவைப் பார்த்து, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றாள். அதையும் சொன்னேன்.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அவளிடம்தான் ஒரு தட்டு இருக்கிறதே, தனியாள், இன்னொன்று எதற்கு, யாராவது விருந்துக்கு வருகிறார்களா என்று கேட்கச் சொன்னாள்.

யாரும் வரவில்லை என்றாள் அவள். அவர்கள் ஊரில் இன்றைக்கு முதல் நட்சத்திரத்தைப் பார்த்ததும் சாப்பிட உட்காருவார்கள். மேஜையில் ஒரு தட்டு அதிகமாக, காலியாக வைக்க வேண்டும். வழி தவறி யார் வந்து நின்றாலும் அவருக்கு. அவளுடைய வீட்டில் அம்மா, அந்த வருஷம் செத்துப்போனவர்களுக்கும் அதுதான் தட்டு என்று சொல்லுவாளாம்.

இதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா பீரோவைத் திறந்து ஒரு தட்டை எடுத்து முந்தானையால் துடைத்தாள். அந்தப் பெண் கையை நீட்டினாள். அம்மா கொடுக்கவில்லை.

“வெறுந்தட்ட நாங் குடுக்க மாட்டனுங் அம்மணி. நானே எடுத்துட்டு வாரேன், நீ முன்னால போ.”

“வருஷம் திரும்பலையேம்மா, விருந்து நடக்கற ஊட்டுக்குப் போலாமா?” என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். முழங்கால் வலிக்காரி, மாடிக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு ஏறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

சின்ன மேஜை. வெள்ளை விரிப்பு, அதற்கு அடியில் கொஞ்சம் வைக்கோல். மாட்டுக் கொட்டகையில் பிறந்த சாமிக்காக வைப்பதாம், பால்காரரிடம் சைகை காட்டி வாங்கியிருக்கிறாள். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஒரு வறுத்த மீன். நடுவில் சுடாத அந்தப் பலகாரம், எவர்சில்வர் டிபன் மூடியில் அடுக்கியிருந்தது. தட்டுதான் இல்லையே. அம்மா வைக்கோலைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். கொண்டுவந்த தட்டை ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். அந்தப் பெண் எங்கள் இருவருக்கும் நாற்காலி தேடி ஓடினாள்.

அவள் திரும்பி வருவதற்குள் அம்மா மூடியிலிருந்து இரண்டு துண்டு எடுத்துக் காலித் தட்டில் வைத்தாள். கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் வைத்தாள். காலியாகவே இருக்க வேண்டிய தட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் நாற்காலியோடு நின்ற அந்தப் பெண் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

அம்மா தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள், அப்பாவுக்குக் கை எட்டும்படி நகர்த்துவது போல.

“எடுத்துக்குங்க,” என்றாள். “இனிச் சர்க்கரை ஏறி என்னாயிடப் போவுது.”

என்ன சொன்னாள் என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அழுதேன், ஐம்பது வயது ஆள் இன்னொருத்தர் வீட்டில் நின்றுகொண்டு. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை.

பிறகு கிடைத்த கிண்ணங்களில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டோம். எழுந்திருக்கும்போது அம்மா, படைத்ததை அப்படியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டு, அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள். அடுத்ததையும் எடுத்தாள். மூன்றாவதை என்னிடம் நீட்டுவாள் என்று கையை நீட்டினேன். அதையும் அவளே சாப்பிட்டாள்.

தட்டைக் கழுவி மேஜைமேல் வைத்துவிட்டு நாங்கள் கீழே இறங்கினோம். தட்டு வெறுமனேதான் இருந்தது.