‘வயசானா அப்படித்தான்’ என்றார்கள்

பெரியப்பா தையல்கடையில் கட்டிங் மாஸ்டர். துணி வெட்டும் தன் கத்தரியை யாரும் தொட விடமாட்டார். தெரியாமல் யாராவது அதை எடுத்துக் காகிதம் வெட்டிவிட்டால் அன்று முழுக்கக் கடையில் திட்டு விழும். “கத்தரியவிட உங்க வாய்தான் நல்லா வெட்டுது” என்பாள் பெரியம்மா.

அவள் இறந்தபின் அவர் பேச்சு நின்றது. சாப்பாடு தட்டிலேயே காய்ந்தது. எடுத்த அளவை மறந்துவிட்டு வாடிக்கையாளரிடமே திரும்பக் கேட்டார்.

ஒருநாள் அந்தக் கத்தரியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பக்கத்து மெஷின் தையல்காரரிடம் நீட்டினார். கடையே கை தட்டியது.

“மாஸ்டருக்கு இப்பத்தான்யா மனசு இளகியிருக்கு!”

அவர் மகனுக்கு, என் அண்ணனுக்கு, ஒரே பெருமை. “அப்பா பற்றையெல்லாம் விட்டுட்டாரு. பக்குவம் வந்துடுச்சு.”

பக்குவமாம்! அடுத்துக் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். பிறகு நல்ல சட்டைகளை. ஒரு மனிதர் தன்னையே காலி செய்துகொண்டிருந்தார்; வாங்கியவர்கள் வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் நாடியைக்கூட ஒழுங்காகப் பிடிக்கவில்லை. “எழுபதத் தாண்டியாச்சு. தூக்கம் வரல, பசிக்கலன்னா என்ன பண்றது? வயசானா அப்படித்தான்.” சத்து மாத்திரை எழுதினார். சின்ன வயசுக்காரி நான் இப்படிக் கிடந்திருந்தால் இதே வீடு சும்மா விட்டிருக்குமா?

அன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“பெரியப்பா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?”

அண்ணன் பாய்ந்து வந்தான். “வாயக் கழுவு! பெரியவங்ககிட்ட கேக்கற கேள்வியா இது?”

பெரியப்பா அவனைப் பார்க்கவில்லை. “தோணுதும்மா. தினமும் தோணுது.”

மனநல டாக்டர் என்று நான் சொன்னதுமே, “இந்த வயசுலயா? சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்” என்றான் அண்ணன்.

“மானத்த நீ பத்திரமா வச்சிக்கோண்ணா. பெரியப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன்.”

முணுமுணுத்துக்கொண்டே அவனும் வந்தான்.

அந்த மருத்துவர் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு, பெரியப்பாவிடமே பேசினார். இது நோய், வயது அல்ல, வைத்தியம் உண்டு, சரியாகும் என்றார். தேறும்வரை அவரைத் தனியாக விடவேண்டாம் என்று எங்களிடம் சொன்னார்.

பெரியப்பா வாய்விட்டு அழ ஆரம்பித்தார். வெளியே வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அவசரமாக எழுந்து கதவைச் சாத்தினான்.

“தொறந்து வைடா,” என்றார் பெரியப்பா. “கேக்கட்டும்.”