எழுநூற்றுப் பத்தொன்பது வரை

எனக்குக் கல்யாணமானது அறுபதுகளின் நடுவில். நான் சரவணைக் கிராமத்துப் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, தெற்கே ஒரு பட்டினத்தில் புடவைக்கடை வைத்திருந்தார். வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் வீட்டுக்கு வருவார். வந்தாலும் சாப்பாடு, மழை, பயணம் என்பதற்கு மேல் எங்கள் பேச்சு நீளாது. படித்த பெண் என்று அவருக்கு ஒரு கூச்சம். அதைப் பார்த்து எனக்கும் கூச்சம்.

அவர் வந்திருந்த ஒரு சித்திரை விடுமுறையில், ஒரு மத்தியானம், குசினியில் உலையை வைத்துவிட்டு வாசற்படியில் குந்தியிருந்து 524287 என்ற எண்ணைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண் அது. முதன்மை எண் என்று ஆசிரியர் கலாசாலையில் சொல்லியிருந்தார்கள். என் கையாலேயே செய்து பார்க்க ஆசை. ஆனால் 73 ஆல் மிச்சமில்லாமல் பிரிந்துவிட்டது. விடை 7182. அழுகை வராத குறை.

பின்னால் நின்று பார்த்தவர் மெல்லச் சொன்னார்: "இஞ்சாரும், இது பிழை போலை கிடக்கு. மூண்டையும் ரெண்டையும் பெருக்கினால் கடைசியிலை ஆறெல்லோ வரும்? உமக்கு ஏழு வேணும்."

பார்த்தேன். ஒன்று மிச்சம் இருந்தது.

"என்னெண்டு உடனை கண்டுபிடிச்சனீங்கள்?"

"புடவை அளந்து காசுக் கணக்குப் பாத்த பழக்கம்தான்." பக்கத்தில் வந்து இருந்தார். "இது என்ன கணக்கு?"

"ஒண்டாலையும் தன்னாலையும் தவிர வேறை ஒண்டாலையும் பிரிக்க ஏலாத எண். அதுதானோ எண்டு பாக்கிறன். 719 வரைக்கும் இருக்கிற முதன்மை எண்களாலை பிரிச்சுப் பாத்தால் போதும். அதுக்கு மேலை உள்ள ரெண்டைப் பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டிப்போகும்."

"அப்ப பாப்பம்."

ஒன்றை நான், அடுத்ததை அவர். விடுமுறை முடியும்போது அறுநூறைத் தாண்டியிருந்தோம். மிச்சத்தைக் கொப்பியோடு கொண்டுபோனார். அதுவரை சுகம் விசாரித்து நாலு வரி எழுதியவரின் கடிதங்கள் நீளத் தொடங்கின. கடைசியில் ஒன்று வந்தது: "719. மிச்சம் 136. இனிப் பிரிக்க ஒண்டுமில்லை. உம்மடை எண் முதன்மை எண்தான். வேறை எண் இருந்தால் அனுப்பும்." அதைப் பாடசாலைக்கும் கொண்டுபோய் வைத்து வைத்து வாசித்தேன்.

பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். இந்த எண்ணை ஒரு முதன்மை எண் பிரிப்பதானால், அது 38 இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்க முடியுமாம். அப்படி 719 வரை ஆறே ஆறுதான். நாங்கள் நூற்றுக்கு மேல் பிரித்திருந்தோம். அவர் வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஆறுதானோ!" சிரித்தார். "நல்லகாலம், முந்தித் தெரியேல்லை. ரெண்டு நாளிலை முடிஞ்சிருக்கும். பிறகு என்னத்தைக் கதைச்சிருப்பம்?"

பிறகு பென்சிலை எடுத்தார். "அந்த ஆறிலை 457 நான் செய்தது. ஒருக்காப் பாத்துவிடுறன்."

நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தபோது, மிச்சம் 108 என்று எழுதி, அதன் கீழே கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.