பேத்தியின் இட்லியும் என் மூக்கும்

எண்ணெய் மில் வைத்து முன்னுக்கு வந்தவன் நான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இன்றைக்கு உப்பிலியபுரத்தில் என் எண்ணெய் போகாத வீடு குறைவு. படிப்பு கொடுக்காத சர்டிபிகேட்டை எனக்கு என் மூக்கு கொடுத்தது. மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்தால் போதும். கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, பாமாயில் கலந்ததா, பழைய சரக்கா, எல்லாம் சொல்லிவிடுவேன். திருச்சி வியாபாரிகள் பாட்டிலோடு என்னைத் தேடி வந்ததுண்டு. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

அந்த மூக்கு கொரோனாக் காய்ச்சலோடு போய்விட்டது. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் வாசனை திரும்பியது. எனக்குத் திரும்பவில்லை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மில்லில் வழக்கம்போல மோந்து தலையாட்டிவிட்டு, நிறத்தையும் பிசுபிசுப்பையும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். வெளியே தெரிந்தால் என்னை எவன் மதிப்பான்?

மகள் வயிற்றுப் பேத்திக்கு ஆறு வயது. அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. கடலை ஆட்டிப் பிழைத்த வீட்டில் இப்படியொரு பிள்ளையா என்று முதலில் சிரித்தேன். மூன்று வயதில் ஒரு விரல் சட்னியை நக்கியவள் உதடு வீங்கி, மூச்சு விட முடியாமல் துடித்தாள். காரில் போட்டுக்கொண்டு திருச்சிக்கு ஓடினோம். அன்றோடு சிரிப்பு நின்றது.

போன விடுமுறையில் மகளுக்குத் திருச்சி கே.கே. நகரில் சிநேகிதி வீட்டு விசேஷம். பேத்தியையும் அவள் அண்ணனையும் ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப்போய்ச் சாமி கும்பிட்டு, நல்ல ஹோட்டலாகப் பார்த்து டிபன் வாங்கிக் கொடுக்கிறேன் என்று நானேதான் சொன்னேன். மகள் சின்னவளுக்கென்று கட்டி வந்த டப்பாவை நீட்டினாள். வாங்க மறுத்தேன். ஊரே சாப்பிடுகிற இடத்தில் என் பேத்தி மட்டும் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதா?

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரிப்பா. எதுவா இருந்தாலும் மோந்து பாத்துட்டுக் குடுங்க. உங்க மூக்கை நம்பித்தான் விடறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கோவிலில் கூட்டம். வெளியே வரும்போது பதினோரு மணி. பிள்ளைகள் இரண்டும் பசியில் வாடிவிட்டன. கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஏசி போட்ட ஹோட்டல் ஒன்றில் ஏறினோம். பரிமாற வந்தவரிடம் என் மில்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். அது என் வழக்கம். பேரனுக்கு நெய் ரோஸ்ட், சின்னவளுக்கு இட்லி. சாம்பாரும் மூன்று சட்னியும் வந்தன.

அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா பழக்கிய பழக்கம். "தாத்தா, பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

வெள்ளைச் சட்னிக் கிண்ணத்தை எடுத்து மோந்தேன். வெறும் சுவரை மோந்தாற்போல இருந்தது. நிறத்தைப் பார்த்தேன். தேங்காயோடு கடலையைச் சேர்த்து அரைத்தாலும் அதே நிறம்தான். சாம்பாரை மோந்தேன். தாளித்த எண்ணெய் மேலே மினுமினுத்தது, அவ்வளவுதான். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, சட்னியில் வேர்க்கடலை உண்டா, எந்த எண்ணெய் என்று கேட்டேன்.

"மாஸ்டர் இன்னிக்குப் புதுசுங்க ஐயா. என்ன அரைச்சாருன்னு எனக்குத் தெரியாது. நீங்கதான் எண்ணெய்க்காரராச்சே, மோந்தாத் தெரியாதா?"

சட்னி வேண்டாம், வெறும் இட்லி தின்னட்டும் என்றால், இட்லித் தட்டுக்கு எதைத் தடவினார்களோ என்று அடுத்த சந்தேகம். திரும்பவும் கிண்ணத்தைத் தூக்கினேன்.

"இன்னும் எவ்வளவு நேரம் தாத்தா? போலீஸ் நாய்கூட இந்நேரம் திருடனைப் புடிச்சிருக்கும்" என்றான் பேரன், வாயில் ரோஸ்ட்டோடு.

சின்னவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சாப்பிட்டுவிடுவாள். அந்த நம்பிக்கையைப் பார்த்ததும்தான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மகளுக்குப் போன் போட்டேன்.

"எனக்கு வாசனை தெரியலம்மா" என்றேன்.

"ஏன், சளியா?"

"இல்லம்மா. அந்தக் காய்ச்சல்லேருந்தே."

ஏச்சு வாங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அவ எதையாச்சும் தொட்டாளா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "தொட விடாதீங்க. வெளிய வாழைப்பழம் இருக்கும், வாங்கிக் குடுங்க. டப்பாவை எடுத்துக்கிட்டு வரேன்" என்று வைத்துவிட்டாள்.

வாழைப்பழம். முசிறி ரோட்டில் வழியெல்லாம் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

சின்னவளைக் கூட்டிக்கொண்டு போய் வாசல் கடையில் இரண்டு பழம் வாங்கினேன். ஒன்றை உரித்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடிக்கு உள்ளே அண்ணன் சாப்பிடுவதைப் பார்த்தபடி நின்றவள், பழத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எக்கி நின்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பழத்துக்கு வேணாம்டா கண்ணு, சாப்பிடு" என்றேன்.

"மோந்து பாருங்க தாத்தா" என்றாள்.

குனிந்து மோந்தேன். சாப்பிடு என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் கடித்தாள்.